செய்யாத வேலைக்கு ஒரு டிக்

ஆறு வரைக்கும் ஒழுங்காகத்தான் வெடித்தது.
கரட்டுமலையில் முட்டித் திரும்பும் சத்தத்தை
உட்கார்ந்து எண்ணலாம்.
ஏழாவது,
தும்மல் வந்தும் வராமல் போனதுபோல
ஒரு புஸ்.
தோளில் உதை இல்லை.
அட்டையில் ஓட்டை இல்லை.

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கிஃபாயத்துல்லா,
"இன்னாம்மா ரோஸ்லின், காத்துல வுட்டியா?
அடுத்தத போடு, மணி பத்தாவுது" என்றார்.
எட்டாவது தோட்டா
என் இரண்டு விரல்களுக்கு நடுவே
வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது.

நான் போடவில்லை.
அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
இருபத்திரண்டு வருடம்
ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவளுக்கு
எதிர்பார்த்த எண் வராவிட்டால்
கை தானாக நின்றுவிடும், அவ்வளவுதான்.
குழலை மலைப்பக்கமே பிடித்தபடி
அறுபது எண்ணினேன்.
நாற்பதில் எங்கோ ஒரு ஆடு கத்தியது.

போல்ட்டைக் கழற்றி
மேல்வாயில் பித்தளைக் கம்பி விட்டால்
ஒரு சாண் போய் நின்றது.
கரண்டு போன லிப்டில் மாட்டியவன்போல்
உள்ளே குண்டு.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
முப்பது வருடம் ரசாயனம் கலக்கிய கிஃபாயத்துல்லா,
ஈரம் என்றார்.
அக்னி நட்சத்திரத்தில், வேலூரில், ஈரம்!
செயலாளர் தணிகாசலம்
கேப் பழசு என்றார்.
வாட்ச்மேன் முனிரத்தினம்,
"துப்பாக்கிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கல இல்ல?"

சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
(தராசுத்தட்டுக்குக் காற்று ஆகாது,
அரைக் குன்றிமணியைக்கூட அது பொய் சொல்லிவிடும்)
வேர்க்க வேர்க்க நோட்டைத் திறந்தேன்.
ஐம்பது வரிசை எண்கள்.
ஐம்பது டிக்.
ஏழாவது டிக்கின் வால் மட்டும்
அடுத்த கோடு வரை இழுத்திருந்தது,
பாதியில் எழுந்துபோகும் கையின் வால்.

போன் அடித்தது, ஆமாம்.
"பாகாயம் கேஸ் ஏஜென்சிங்களா?"
இல்லை என்றேன்.
"அப்ப சிலிண்டர் எப்ப வரும்?"
அதற்கும் இல்லை என்றேன்.
திரும்பி வந்து
எட்டிலிருந்து தொடர்ந்தேன்.

மருந்து என்ற சொல் எனக்குப் பகலில் ஒன்று,
ஞாயிற்றுக்கிழமை வேறொன்று.
இரண்டிலும்
கொடுக்க மறந்ததைக் கண்டுபிடித்தவுடன்
பாதிப்பேர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.
ஏழில் மருந்து விழவில்லை, சரி.
தட்டில் அளந்து வைத்திருந்தேனே,
அது?
டப்பாவுக்குத் திரும்பவில்லை.
மேஜையில் சிந்தவில்லை.

எட்டை எடுத்துத் தராசில் வைத்தேன்.
பிறகு ஒன்பதை.
பிறகு மறுபடி எட்டை.
பங்கு ஒன்று, பிசகாமல் ஒன்று,
கூடுதல்.
கூட்டில் பாதிகூட நிரம்பாத சின்ன அளவு என்பதால்
இரண்டு பேர் சாப்பாடு
ஒரே இலையில் சத்தமில்லாமல் அடங்கியிருந்தது.
முன்னால் அடைத்த குழல்,
பின்னால் இது,
நடுவில்
என் கன்னம் சாயும் இடம்.

இரவு பன்னிரண்டரைக்குச் சொன்னேன்.
கிஃபாயத்துல்லா வெகுநேரம் பேசவில்லை.
"அடுத்தத போடுன்னது நான்தானம்மா" என்றார்.
அவர் வீட்டு நாய் குரைப்பது கேட்டது.
"மிச்சத்த?"
பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

நாற்பத்துமூன்றையும் பிரித்தேன்.
குண்டு ஒரு டப்பா, கூடு ஒரு டப்பா.
வேறெதிலும் தப்பில்லை.
அது ஆறுதலாக இல்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில்
சனிக்கிழமைப் பதிவேட்டை எடுத்தேன்.
நூற்றுப்பதினாறு பெயர்கள்,
குடியாத்தம், ஆற்காடு, சித்தூர், அணைக்கட்டு.
எதிரே என் டிக்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு வாலாகப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே நீளம்.